கொல்லையில் தங்கிய வலசைப் பறவை புறப்படும் நாளைக் கண்டறிவது எப்படி?

குளிர் நாடுகளில் வாழ்பவர்களுக்கு இளவேனில் என்பது வலசைப் பறவைகள் வந்து சேரும் பருவம். தமிழகத்துச் சமவெளியில் அதே பருவத்தில் அவை விடைபெறுகின்றன. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் வடக்கிலிருந்து வந்து, நம் வேலியிலும் முருங்கையிலும் மாமரத்திலும் ஆறேழு மாதம் தங்கிவிட்ட சிறு பறவைகள், மாசி பிறந்ததும் பயணத்துக்கு ஆயத்தமாகி, பங்குனியிலும் சித்திரையிலும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடுகின்றன. வருகையை எவரும் கவனித்துவிடலாம். புதிதாக ஒரு குரல் கேட்டால் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். புறப்பாடு அப்படியன்று. நேற்று வரை கேட்ட குரல் இன்று இல்லை என்பது நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் புறப்பாட்டை வீட்டுக் கொல்லையில் இருந்தபடியே கவனித்துக் குறித்துவைக்கும் முறையை, கும்பகோணத்துக்கு அருகில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் செய்துவரும் பழக்கத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் நான் ஒரு பிழை செய்தேன். பறவையைப் பார்த்த நாளில் மட்டுமே குறிப்பு எழுதினேன். ஓர் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பழுப்புக் கீச்சான் முருங்கையில் இருந்தது என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நோட்டில் ஒன்றும் இல்லை. மறுநாள் முதல் ஒரு வாரம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தேன். ஆகவே அந்தப் பறவை 9ஆம் தேதி இரவே கிளம்பியதா, நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள்தான் கிளம்பியதா என்ற கேள்விக்கு அந்த நோட்டில் விடையே இல்லை. கண்டதை எழுதுவதைப் போலவே, உட்கார்ந்து பார்த்தும் காணாததையும் எழுத வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரையில் இனி வருபவை எல்லாம் அந்த ஒரு பழக்கத்துக்குத் துணையாக வருபவையே.

மாசியில் ஒரு வருகைப் பட்டியல்

எந்தப் பறவை போய்விட்டது என்று அறிய, எது எது இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பிப்ரவரி நடுப்பகுதி ஏற்ற காலம். உலகளாவிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பும் ஒவ்வோர் ஆண்டும் அப்போதுதான் நான்கு நாள் நடைபெறுகிறது. 2013 முதல் இந்தியப் பறவை ஆர்வலர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். அந்த நான்கு நாளும் காலையில் கால் மணி நேரமாவது கொல்லையில் அமர்ந்து கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதிவிட்டால், பட்டியலின் அடித்தளம் தயாராகிவிடும்.

காவிரிப் படுகையில் மரம் செடிகள் உள்ள ஒரு கொல்லைக்குப் பெரும்பாலும் வரக்கூடிய விருந்தாளிகள் எட்டு அல்லது பத்து இனங்களே. வேலிப் புதரின் அடியில் நாவால் கொட்டுவது போலச் ‘செக், செக்’ என்று விட்டுவிட்டு ஒலிப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்து முதல் சைபீரியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டும் இந்தப் பறவையின் எடை சுமார் 12 கிராம்தான். மாமரத்தின் மேற்கிளைகளில் இலைக்கு இலை தாவிக்கொண்டு, கூர்மையான இரட்டைச் சொல்லாகக் குரல் கொடுப்பது பச்சைக் கதிர்க்குருவி. கண்ணுக்கு மேல் வெளிறிய புருவமும் சிறகில் மெல்லிய வெண்கோடும் இருக்கும். இவ்விரண்டையும் ஆண்டு முழுவதும் நம்மோடு வாழும் தையல்சிட்டோடு குழப்பிக்கொள்வது எளிது. தையல்சிட்டின் வால் மேல்நோக்கி விறைத்து நிற்கும், தலையுச்சி செம்பழுப்பாக இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

நிழலான தாழ்ந்த கிளையில் அசையாமல் அமர்ந்து, பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்து மீண்டும் அங்கேயே வந்து உட்காரும், கண்ணைச் சுற்றி வெண்வளையம் உள்ள சிறு பறவை பழுப்பு ஈப்பிடிப்பான். நீண்ட வாலோடு செம்பழுப்பாகவோ தூய வெண்மையாகவோ மரத்தினூடே நாடா அசைவதைப் போலப் போவது அரசவால் ஈப்பிடிப்பான். மஞ்சள் உடலோடு வரும் மாங்குயிலில் தலை முழுவதும் கறுப்பாக இருப்பது உள்ளூர்க்காரன். கண் வழியாகக் கறுப்புக் கோடு மட்டும் ஓடுவதே நாம் தேடும் விருந்தாளி. வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் அசைத்தபடி மரநிழலில் நடப்பது கொடிக்கால் வாலாட்டி. வெற்றிலைக் கொடிக்கால்களில் நம் முன்னோர் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சான்று. மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலானையும், கூட்டமாக வந்து இறங்கும் சூறைக்குருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறுமணிக்குருவியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருப்பதால் பின்னால் வருகிறேன்.

பெயர் தெரியாத குரல்களுக்கு மெர்லின் செயலி உதவும். ஆனால் அது சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் கண்ட பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இடமும் வேளையும்

ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் அமர்வது முக்கியம். இடம் மாறினால் பார்வையில் படும் மரங்கள் மாறும். அப்போது ஒரு பறவை இல்லாமற்போனதற்குக் காரணம் அது கிளம்பியதா, நாம் வேறு பக்கம் பார்த்ததா என்று பிரித்தறிய முடியாது. முதுகுக்குப் பின்னால் சுவரோ தூணோ இருக்கட்டும்; நம் உருவம் வானத்தின் பின்னணியில் தனித்துத் தெரியாதபோது பறவைகள் விரைவில் பழகிவிடும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி கிழக்குச் சுவரை ஒட்டி அமர்ந்தால் இறகின் நிறம் சரியாகத் தெரியும். விடிந்தது முதல் அரை மணி நேரம் போதுமானது. மாலையில் பொழுது சாயும் முன் இன்னோர் அரை மணி நேரம் கிடைத்தால் நல்லது. பங்குனி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் உட்காருவதில் பயனில்லை.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 40 அல்லது 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கொல்லைக்கு வாங்குபவர் கடையிலேயே இன்னொன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்: இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் உள்ள பொருள் அதில் தெளிவாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால், மிக அருகில் வரும் பறவைதான் உங்களுக்கு மங்கலாகத் தெரியும்.

கொல்லையை எப்படி வைத்திருப்பது

இந்த விருந்தாளிகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. ஆகவே அரிசியும் கம்பும் தூவினால் புறாவும் அணிலும் வருமே தவிர இவை வரமாட்டா. இவற்றுக்கு நாம் தரக்கூடிய உணவு, பூச்சி வாழ இடம் கொடுப்பதுதான். மாவடியிலும் வாழையடியிலும் உதிரும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையிலாவது பரவிக் கிடக்க விடுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வேலியை மாசி முதல் சித்திரை முடியும் வரை வெட்டாதீர்கள். நாணல் கதிர்க்குருவிக்கு அந்தப் புதரே வீடு.

தண்ணீருக்கு அகன்ற மண்தட்டு போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்; நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வைத்தால் சிறு பறவைகள் தயங்காமல் இறங்கும். பூனை பதுங்கக்கூடிய புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளித் தட்டை வைத்து, தலைக்கு மேலே ஒரு கிளை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் பழைய நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்றினால் கொசுவும் வராது, பறவைகளுக்கு நோயும் பரவாது. எங்கள் கிணற்றடியில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி இருக்கிறது. மாலை ஐந்தே முக்கால் மணிக்கு மேல் அரசவால் ஈப்பிடிப்பான் அதன் மேலே உள்ள கொய்யாக் கிளைக்கு வந்து, ஒரு கணம் நிதானித்து, நீர்ப்பரப்பை மார்பால் அடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும். நான்கைந்து முறை இப்படிச் செய்த பிறகு இறகை உதறிக் கோதத் தொடங்கும். வால் நனைந்து கனத்துத் தொங்குவதை அந்த வேளையில்தான் நன்றாகப் பார்க்க முடியும். இப்படித் தொட்டி வைத்திருப்பவர்கள் தென்னை மட்டை ஒன்றை அதனுள் சாய்த்து வையுங்கள். தவறி விழும் பறவையும் அணிலும் ஏறி வர வழி கிடைக்கும்.

இரவில் கொல்லை விளக்கை அணைத்துவிடுவதும் அவசியம். கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் ஆறுமணிக்குருவியும் இருட்டிய பிறகே பயணம் செய்பவை; வெளிச்சம் அவற்றின் வழியைக் குழப்பும். வானமும் மரமும் பிரதிபலிக்கும் பெரிய சன்னல் கண்ணாடி இருந்தால், அதன் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைக் கோடுகளோ காகிதப் பட்டைகளோ ஒட்டிவிடுங்கள்.

கிளம்பப் போவதற்கான அறிகுறிகள்

பயணத்துக்கான தூண்டுதல் பறவையின் உடலுக்குள் உள்ள ஆண்டுக் கடிகாரத்திலிருந்தும், பகற்பொழுது நீள்வதிலிருந்தும் வருகிறது. நம் பகுதியில் மார்கழியில் சுமார் 11½ மணி நேரமாக இருக்கும் பகல், ஆனியில் 12¾ மணி நேரத்தை எட்டும். நமக்குப் புலப்படாத அந்தச் சிறு மாற்றம் பறவைக்குப் புலப்படுகிறது. பங்குனியில் அது வழக்கத்தை விட அதிகமாகத் தின்று, தன் எடையில் பாதி அளவுக்குக் கூடத் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். இரைதேடும் விதத்திலேயே இது தெரியும். தையில் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை தரைக்குப் பாய்ந்த கீச்சான், பங்குனிக் கடைசியில் ஓயாமல் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்.

குரலும் மாறும். குளிர்காலம் முழுவதும் ‘செக்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்ற நாணல் கதிர்க்குருவி, மார்ச் மாத நடுவில் வேலிக்குள் அமர்ந்து மெல்லப் பாடத் தொடங்கும். ஒரு சொற்றொடரை இரண்டு மூன்று முறை திருப்பிச் சொல்லி, இடையிடையே தன் ‘செக்’கைச் சேர்த்து, மற்றப் பறவைகளின் குரலையும் கலந்து பாடும் பாட்டு அது. இனப்பெருக்க நிலத்தில் பாட வேண்டியதை நம் வேலிக்குள்ளிருந்தே பாடிப் பார்க்கிறது. பத்தடி தூரத்தில் அமர்ந்தால்தான் கேட்கும். கேட்ட அன்று நோட்டில் அதைத் தனியாகக் குறியுங்கள்.

சூறைக்குருவியில் நிறமே அறிகுறி. இலையுதிர் காலத்தில் வந்தபோது அதன் இறகுகளின் நுனி மங்கலான பழுப்பாக இருந்து, கீழே உள்ள ரோஜா நிறத்தை மறைத்திருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த நுனி தேய்ந்து உதிர, மாசி பங்குனியில் உடல் ரோஜா நிறமும் தலை பளபளக்கும் கறுப்புமாக அது துலங்கும். கல்யாண முருங்கையின் இலையற்ற கிளைகளில் சிவந்த பூக்களுக்காக அவை கூடும் நாட்களில் இந்த மாற்றத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். கூட்டம் பெருகிக்கொண்டே வந்து, ஒரு நாள் மொத்தமாகக் காலியாகிவிடும்.

ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். பங்குனி சித்திரையில் நம் கொல்லைக்கு வருபவை எல்லாம் நம்மிடம் தங்கியிருந்தவை அல்ல. இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளும் கடலைக் கடந்து நம் கரை வழியாகவே வடக்கே போகின்றன. ஆகவே ஏப்ரல் 20ஆம் தேதி தோன்றும் கீச்சான் நம்முடையதா, வழிப்போக்கனா? இதை அமரும் இடத்தை வைத்தே தீர்மானிக்கலாம். தங்கியிருக்கும் கீச்சான் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதில் இரண்டு மூன்று இருக்கைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். எங்கள் கொல்லையில் அவை முருங்கையின் பட்டுப்போன உச்சிக் கிளை, துணிக்கொடியின் தெற்குக் கம்பம், வேலியோரத்து ஒதிய மரம் ஆகிய மூன்று. அந்த இருக்கைகளை விட்டு வேறிடத்தில் அமர்ந்து, ஓரிரு நாளில் மறையும் பறவையை ‘வழி’ என்று எழுதித் தனியாக வைக்கிறேன். மாசி மாதத்திலேயே ஒவ்வொரு பறவையின் இருக்கைகளையும் கொல்லையின் வரைபடம் ஒன்றில் குறித்துவைத்தால் சித்திரையில் இந்தக் குழப்பம் எழாது.

நோட்டு எழுதும் முறை

மாதக் காலண்டரின் கட்டங்களைப் போல ஒரு பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் பறவைகளின் பெயரையும் மேலே தேதிகளையும் எழுதுங்கள். கட்டத்தில் மூன்று குறிகள் போதும். பார்த்தாலோ கேட்டாலோ ஒரு புள்ளி. முழு அரை மணி நேரம் அமர்ந்தும் காணாவிட்டால் சுழியம். அன்று உட்காரவே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். சுழியமும் வெற்றுக் கட்டமும் வெவ்வேறானவை என்பதை வீட்டில் உங்களோடு சேர்ந்து பார்ப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர்கள் உட்காரட்டும். தொடர்ந்து பத்துச் சுழியம் விழுந்த பிறகே அதற்கு முந்தின கடைசிப் புள்ளியைப் புறப்பட்ட நாளாகக் கொள்ளலாம். நான்காம் நாளே முடிவுகட்டிவிட்டு, ஏழாம் நாள் அதே பறவையை அதே கிளையில் கண்ட அனுபவம் எனக்கு உண்டு.

இந்தக் குறிப்பு நம் வீட்டு நோட்டில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் இதைப் பதிவேற்றலாம். அங்கே ‘கண்ட, கேட்ட, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிவுசெய்தீர்களா’ என்று ஒரு கேள்வி வரும். காகம், மைனா உட்பட எல்லாவற்றையும் எழுதி அதற்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய பட்டியலே மதிப்பு மிக்கது. ஏனெனில் அந்தப் பட்டியலில் இல்லாத பறவை அந்த வேளையில் நம் பார்வைக்கும் காதுக்கும் எட்டவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். நம் சுழியத்தின் வேலையை அங்கே அந்த ‘ஆம்’ செய்கிறது.

பறவையை வெளியே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். பயணத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்கும் பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலைந்து அதைச் செலவழிக்க நேர்கிறது. இதைச் செய்யவே கூடாது.

ஆறுமணிக்குருவி

பச்சை முதுகும் நீலத் தோள்பட்டையும் கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டையும் வயிற்றடியில் குங்குமச் சிவப்பும் கொண்ட இந்தப் பறவையைத் தோட்டக்கள்ளன் என்றும் அழைப்பார்கள். சருகுக்குள் இருந்தபடி காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரண்டு சொல்லாகச் சீழ்க்கையடிக்கும். அந்தச் சத்தம் வந்த திசையைக் குறித்துக்கொண்டு, சருகு புரளும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். இலையை அலகால் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டு, இரண்டு தாவல் தாவி, குட்டையான வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்து நிற்கும் அந்தக் கணத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுவதற்காகச் சித்திரையில் அது கிளம்புகிறது.

இரவுப் பயணத்தில் களைத்தோ, விளக்கால் குழம்பியோ, கண்ணாடியில் மோதியோ இது வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் விழுந்து கிடப்பது உண்டு. அப்படிக் கண்டால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான அறையில் விட்டுவிடுங்கள். வாயில் நீர் ஊற்றுவதும் சோறு ஊட்டுவதும் அதைக் கொன்றுவிடக்கூடும். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் நடமாடும் ஓசை கேட்டதும், பூனையும் காகமும் இல்லாத புதரோரத்தில் பெட்டியைத் திறந்துவைத்து விலகிவிட வேண்டும். சிறகு தொங்கினாலோ இரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அழகுக்காகக் கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காலில் உலோக வளையம் இருந்தால் அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பல காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அந்த எண் போய்ச் சேர்ந்தால், அது எங்கே எப்போது பிடிக்கப்பட்ட பறவை என்று அறியலாம்.

வைகாசி பிறக்கும்போது பெரும்பாலான வரிசைகளில் சுழியங்கள் நிறைந்திருக்கும். அப்போது அடுத்த பக்கத்தில் அதே பெயர்களை எழுதி, ஆகஸ்ட் நடுவில் தொடங்கும்படி தேதிக் கட்டங்களைப் போட்டுவையுங்கள். தண்ணீர்த் தட்டு உள்ளூர்ப் பறவைகளுக்காகத் தொடர்ந்து இருக்கட்டும். வேலியை வெட்டுவதும் முருங்கையைக் கழிப்பதும் இனிச் செய்யலாம். ஆனால் கீச்சான் அமர்ந்த அந்த உச்சிக் கிளையை மட்டும் வெட்டுபவரிடம் முன்கூட்டியே காட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். புரட்டாசியில் அது திரும்பி வரும்போது முதலில் தேடுவது அந்தக் கிளையைத்தான்.